சுவரைத் தாண்டி வந்த இசை: பெர்லினில் ஒரு டி.ஜே-வின் தடம் தேடி...

பெர்லின் நகரின் நடுவே லைப்சிகர் பிளாட்ஸ் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கே நடப்பவர்கள் கொஞ்சம் தலை குனிந்து தரையைப் பார்த்தால், சாலையின் குறுக்கே இரண்டு வரிசைக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பது தெரியும். பலர் அதைக் கவனிக்காமல் மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு காலத்தில் அந்தக் கோட்டைத் தாண்ட முயன்றவர்கள் சுடப்பட்டார்கள். பெர்லின் சுவர் நின்ற இடம் அது.

சதுக்கத்தின் ஓரத்தில் 2014-ல் திறக்கப்பட்ட பிரமாண்டமான ஷாப்பிங் மால் நிற்கிறது. துணிக்கடை, செருப்புக்கடை, காபிக்கடை என உலகில் எங்கும் பார்க்கக்கூடிய மால்தான். ஆனால், இதே மண்ணுக்கு அடியில் ஒரு காலத்தில் துருப்பிடித்த இரும்புப் பெட்டகங்களும் ஈரம் கசியும் கான்கிரீட் சுவர்களும் கொண்ட ஒரு பாதாள அறை இருந்தது. 1991 மார்ச்சில், 19 வயது இளைஞர் ஒருவர் அந்த அறையில் இசைத்தட்டுகளைச் சுழற்ற ஆரம்பித்தார். பின்னாளில் உலகின் நம்பர் 1 டி.ஜே. என்று இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட பால் வான் டைக்தான் அவர்.

அவருடைய கதையைத் தேடிப் போகிறவர்களுக்கு மியூசியம் எதுவும் தேவையில்லை. பெர்லின் ரயில் பாஸ் ஒன்று போதும். ஒரு ரேடியோ நிலையம், ஒரு பெட்டக அறை, ஒரு மின் நிலையம், ஓர் அகன்ற சாலை என அந்தக் கதை நகரெங்கும் சிதறிக் கிடக்கிறது.

இரும்பாலை நகரத்துப் பிள்ளை

பெர்லினிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணித்தால், போலந்து எல்லையை ஒட்டி ஓடும் ஓடர் நதிக்கரையில் ஐசன்ஹுட்டன்ஷ்டாட் என்ற ஊர் வருகிறது. பெயருக்கு 'இரும்பாலை நகரம்' என்று பொருள். 1950-ல் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு, ஓர் இரும்பு ஆலைக்காகவே இந்த ஊரைப் புதிதாக உருவாக்கியது. அகலமான தெருக்கள், ஒரே உயரத்தில் குடியிருப்புகள், பிள்ளைகளுக்குக் காப்பகம், தொழிலாளர்களுக்கு அரங்கம் என எல்லாமே திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. 1953 முதல் 1961 வரை ஊரின் பெயர் ஸ்டாலின்ஷ்டாட்!

இந்த ஊரில் 1971 டிசம்பர் 16-ம் தேதி பிறந்தவர் மத்தியாஸ் பால். பால் வான் டைக் என்பது அவர் பிறகு சூட்டிக்கொண்ட மேடைப் பெயர். வளர்ந்ததெல்லாம் கிழக்கு பெர்லினில், அம்மாவின் அரவணைப்பில்.

அவர் பிறந்தபோது சுவருக்கு வயது பத்து. 1961 ஆகஸ்ட் 13 அன்று முள்வேலியாகத் தொடங்கி, பிறகு கான்கிரீட்டாக இறுகி, மேற்கு பெர்லினைச் சுற்றி சுமார் 155 கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்த சுவர் அது. உயரம் சுமார் 3.6 மீட்டர். அதை ஒட்டிக் காவல் கோபுரங்கள், விளக்குகள், நாய்கள். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதே ஏற்பாடு.

ஆனால், 3.6 மீட்டர் சுவரால் ரேடியோ அலையை என்ன செய்துவிட முடியும்?

கூரையில் இன்றும் அந்தப் பெயர்

பெர்லினின் மேற்குப் பகுதியான ஷூனபெர்கில், வளைந்த முகப்புடன் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதன் கூரையில் 'ரியாஸ் பெர்லின்' என்ற எழுத்துகளை இன்றும் பார்க்கலாம். 'அமெரிக்கப் பகுதியின் வானொலி' என்பதன் ஜெர்மன் சுருக்கம்தான் ரியாஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946-ல் அமெரிக்கர்கள் தொடங்கிய நிலையம் இது. இப்போது ஜெர்மன் பொது வானொலியின் கலாசார அலைவரிசை இங்கிருந்து இயங்குகிறது.

கிழக்கு பெர்லின் வீடுகளில் இந்த நிலையத்தின் ஒலி தெளிவாகவே கேட்டது. சிறுவன் மத்தியாஸுக்கு உலகம் திறந்தது இப்படித்தான். இரவில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, பிடித்த பாட்டு வரும்போது கேசட்டில் பதிவு செய்துகொள்வது வழக்கம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்திலிருந்து வந்த 'தி ஸ்மித்ஸ்', 'நியூ ஆர்டர்' குழுக்களின் இசை அவருக்கு உயிர். அந்தக் குழுக்களின் இசைத்தட்டுகளைக் கடையில் வாங்க வழியில்லை. இசைக் கச்சேரிக்குப் போகவும் முடியாது. அவரிடம் இருந்தது ஒலி மட்டும்தான்.

கிழக்கு ஜெர்மனியில் டி.ஜே. வேலை இல்லாமல் இல்லை. ஆனால், அதற்கு அரசு வைத்திருந்த பெயர் 'இசைத்தட்டு மகிழ்விப்பாளர்'. தேர்வெழுதி, உரிமம் வாங்கித்தான் அந்த வேலை பார்க்க முடியும். போடும் பாட்டுகளிலும் கணக்கு உண்டு. 100-ல் 60 பாட்டுகள் சோஷலிச நாடுகளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். மேற்கத்திய பாட்டுகள் 40-ஐத் தாண்டக்கூடாது. நடனமாடுகிறவர்களின் கால்களுக்கும் அரசாங்கம் கோட்டா வைத்திருந்தது!

அம்மாவும் பிள்ளையும் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். அப்படி விண்ணப்பிப்பவர்களை அந்த அரசு சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். படிப்பு, வேலை என எல்லா வாசல்களிலும் முட்டுக்கட்டை விழும். ஒருவழியாக அனுமதி கிடைத்து இருவரும் மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது 1989. அதே ஆண்டு நவம்பர் 9-ம் தேதி இரவு, சுவரே திறந்துவிட்டது. அப்போது அவருக்கு 17 வயது.

எத்தனையோ பேர் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், இவர் 1990-ல் பெர்லினுக்குத் திரும்பினார். ஏனென்றால், அங்கே விசித்திரமான ஒன்று நடந்துகொண்டிருந்தது.

யாருக்கும் சொந்தமில்லாத அறைகள்

சுவர் விழுந்ததும் கிழக்கு பெர்லினில் ஆயிரக்கணக்கான இடங்கள் ஆளில்லாமல் நின்றன. ஆலைகள் மூடப்பட்டன. அலுவலகங்கள் காலியாயின. இந்தக் கட்டடங்கள் யாருக்குச் சொந்தம் என்பதே பெரிய குழப்பம். நாஜிகள் யூதர்களிடமிருந்து பிடுங்கிய சொத்து, பிறகு அதையே கம்யூனிஸ்ட் அரசு எடுத்துக்கொண்டது என ஒவ்வொரு மனைக்கும் ஒரு வழக்கு. பத்திரங்களைச் சரிபார்த்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை சும்மாதானே கிடக்கிறது என்று இளைஞர்கள் உள்ளே புகுந்தார்கள். சிலர் குறுகிய கால வாடகைக்கு எடுத்தார்கள். சிலர் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

லைப்சிகர் பிளாட்ஸ் அப்படிப்பட்ட இடம். 1897-ல் இங்கே திறக்கப்பட்ட வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடி, ஐரோப்பாவே வியந்து பார்த்த கடை. யூதக் குடும்பத்துக்குச் சொந்தமான அந்தக் கடையை நாஜி ஆட்சி பறித்தது. போரில் குண்டு விழுந்தது. மிச்சமிருந்த கட்டடமும் 1950-களில் இடிக்கப்பட்டது. பிறகு அந்த இடமே சுவரை ஒட்டிய சூனிய வெளியாகிப்போனது. தரைக்கு அடியில் இருந்த பெட்டக அறையை மட்டும் யாரும் தொடவில்லை.

சுவர் விழுந்த மறு வருடம், கிளப் நடத்த இடம் தேடிய டிமிட்ரி ஹேகமானும் நண்பர்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். பாதுகாப்புப் பெட்டிகள் வரிசை வரிசையாக அப்படியே நின்றன. தாழ்ந்த கூரை, கனத்த சுவர், கம்பிக் கதவு. 1991 மார்ச்சில் அங்கே கிளப் திறக்கப்பட்டது. பெட்டகம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லையே பெயராக வைத்தார்கள்: 'டிரெஸோர்'.

அங்கே ஒலித்தது டெக்னோ. அமெரிக்காவில் கார் ஆலைகள் மூடி நலிந்துபோன டெட்ராய்ட் நகரத்தின் கறுப்பின இளைஞர்கள், 1980-களில் எலெக்ட்ரானிக் கருவிகளைக் கொண்டு உருவாக்கிய இசை அது. பாடகர் தேவையில்லை. மொழி தெரிய வேண்டாம். ஒரே சீராக அடிக்கும் தாளம்தான் எல்லாமே. 28 ஆண்டுகள் பிரிந்து கிடந்த கிழக்குப் பிள்ளைகளும் மேற்குப் பிள்ளைகளும் பேசிக்கொள்வதற்கு முன்பே, அந்த இருட்டு அறைகளில் சேர்ந்து ஆடத் தொடங்கியிருந்தார்கள். பேச்சு வழக்கும் உடையும் காட்டிக்கொடுக்கும் வித்தியாசம், புகை நிறைந்த இருட்டில் தெரியாது. அரசியல் ஒப்பந்தம் 1990 அக்டோபர் 3-ம் தேதி இரு ஜெர்மனிகளையும் இணைத்தது என்றால், இளைஞர்களைப் பொறுத்தவரை இணைப்பு நடந்தது இந்த நிலவறைகளில்தான்.

அந்த டிரெஸோரில்தான் பால் வான் டைக் முதன்முதலாக கிளப் மேடை ஏறினார். ரேடியோவில் மட்டுமே இசை கேட்டு வளர்ந்த பையனுக்கு, இப்போது எதிரே முகங்கள் இருந்தன.

உளவுத்துறையின் பெயரில் ஒரு மியூசிக் கம்பெனி

பெர்லினின் கிழக்கே லிஷ்டன்பெர்க் பகுதியில் மெட்ரோ ரயிலிலிருந்து இறங்கினால், சில நிமிட நடையில் ஒரு சாம்பல் நிறக் கட்டட வளாகம் வரும். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியின் தலைமையகம் இது. இப்போது மியூசியம். 1989-ல் இந்தத் துறைக்கு ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கோப்புகளை அடுக்கினால் சுமார் 111 கிலோமீட்டர் நீளம் வரும். யார் யாரிடம் பேசினார்கள், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு.

இந்தத் துறையின் அதிகாரபூர்வப் பெயரின் சுருக்கம் எம்.எஃப்.எஸ். சாதாரண மக்கள் உரக்கச் சொல்லவே தயங்கிய மூன்று எழுத்துகள்.

1990-ல் அதே மூன்று எழுத்துகளைத் தன் இசை நிறுவனத்துக்குப் பெயராக வைத்தார் மார்க் ரீடர். மான்செஸ்டரில் பிறந்து, 1978 முதல் மேற்கு பெர்லினில் வாழ்ந்தவர். கிழக்கு ஜெர்மனியின் அரசு இசைத்தட்டு நிறுவனம் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், அதன் மிச்சத்திலிருந்து எழுந்தது இவருடைய நிறுவனம். கேட்பவர்களிடம் ஆங்கிலத்தில் வேறொரு விரிவாக்கம் சொல்வார்கள். ஆனால், ஜோக் என்னவென்று பெர்லின்வாசிகளுக்குத் தெரியும். பயமுறுத்திய எழுத்துகள், ஓராண்டுக்குள் டான்ஸ் ரெக்கார்டின் லேபிளில் வந்து உட்கார்ந்துகொண்டன.

பால் வான் டைக்கின் ஆரம்பகால இசையை வெளியிட்டது இந்த எம்.எஃப்.எஸ்.தான். 'காஸ்மிக் பேபி' என்ற இசைக் கலைஞருடன் சேர்ந்து 'விஷன்ஸ் ஆஃப் ஷிவா' என்ற பெயரில் 1992-ல் பாட்டு வெளியிட்டார். ஆம், நம்ம ஊர் சிவன்தான்! 1993-ல் 'ஹியூமேட்' குழுவின் 'லவ் ஸ்டிமுலேஷன்' பாட்டுக்கு அவர் செய்த ரீமிக்ஸ், கிளப் வட்டாரத்தில் அவர் பெயரைப் பதிய வைத்தது. அதே ஆண்டு இன்னொரு ரீமிக்ஸ் வேலையும் தேடி வந்தது. பாட்டு 'ஸ்பூக்கி', குழு 'நியூ ஆர்டர்'. சில வருடங்களுக்கு முன்பு ஒளிந்து கேட்ட குழுவின் ஒலிநாடாக்கள், இப்போது அவருடைய மேஜைக்கே வந்துவிட்டன.

மின் நிலையத்தில் பிறந்த தேவதை

லைப்சிகர் பிளாட்ஸிலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில், வில்ஹெல்ம் தெருவை ஒட்டி, செங்கல் நிறத்தில் ஒரு பழைய துணை மின் நிலையம் இருக்கிறது. 1993 முதல் 1997 வரை 'ஏ-வெர்க்' என்ற பெயரில் பெர்லினின் பெரிய கிளப்பாக விளங்கியது. அருகிலேயே இன்னொரு கட்டடம். கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலைகளை விற்கவும் மூடவும் அமைக்கப்பட்ட 'டிராய்ஹாண்ட்' அமைப்பின் அலுவலகம் அது. பகலில் அங்கே பெற்றோர்களின் வேலைகள் பறிபோயின. வார இறுதி இரவுகளில் இங்கே பிள்ளைகள் விடிய விடிய ஆடினார்கள். 90-களின் பெர்லினைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தெரு போதும்.

டிரெஸோரின் நிலவறைக்கும் இந்த மின் நிலையத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நிலவறையின் கூரை தாழ்வானது. அங்கே கறாரான, முரட்டுத் தாளம் எடுபடும். ஏ-வெர்க்கின் கூரையோ மிக உயரம். மெட்டுக்கு அங்கே பறக்க இடம் இருந்தது. பால் வான் டைக் தொடர்ந்து வாசித்த கிளப் இது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'டிரான்ஸ்' இசையின் இலக்கணமே அந்த விரிவுதான். நிமிடத்துக்கு 130 முதல் 140 வரை தாள அடிகள். அதன்மேல் மெல்ல மெல்ல அடுக்கப்படும் மெட்டு. ஓர் இடத்தில் தாளம் சட்டென்று நின்றுவிடும். மெட்டு மட்டும் தனியாக மிதக்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். பிறகு தாளம் திரும்ப வந்து விழும்போது, அந்த அரங்கமே ஒரு சேரக் குதிக்கும்.

1994-ல் வெளியான அவருடைய முதல் ஆல்பம் '45 ஆர்.பி.எம்.'. அதில் இருந்த 'ஃபார் ஆன் ஏஞ்சல்' என்ற பாட்டுதான் இன்றுவரை அவருடைய முகவரி. 1998-ல் அதைப் புதுப்பித்து வெளியிட்டார். அந்தப் புது வடிவத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஏ-வெர்க் கிளப் மிக்ஸ்'. அந்த கிளப் மூடப்பட்டு அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அந்தக் கட்டடம் இன்று நிகழ்ச்சி அரங்கமாக மாறிவிட்டது. ஆனால், கிளப்பின் பெயர் அந்தப் பாட்டோடு உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

150 பேர், 15 லட்சம் பேர்

மேற்கு பெர்லினின் பணக்காரக் கடைவீதி குர்ஃபுர்ஸ்டன்டாம். சுவர் விழுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, 1989 ஜூலை 1 அன்று, டாக்டர் மோட்டே என்ற டி.ஜே. அந்தத் தெருவில் ஓர் ஊர்வலம் நடத்தினார். அமைதிக்கான ஊர்வலம் என்று அனுமதி வாங்கி, வண்டியில் ஸ்பீக்கர் கட்டி, சுமார் 150 பேர் ஆடிக்கொண்டே போனார்கள். 'லவ் பரேட்' என்று பெயர்.

1996-ல் ஊர்வலம் அந்தத் தெருவில் அடங்காமல், பிராண்டன்பர்க் வாயிலுக்கு மேற்கே டீர்கார்டன் பூங்காவைக் கிழித்துக்கொண்டு ஓடும் 'ஜூன் 17 சாலை'க்கு மாறியது. 1999-ல் வந்த கூட்டம் சுமார் 15 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. பத்தே ஆண்டுகளில், நிலவறை இசை ஒரு நாட்டின் அடையாளமாகிவிட்டது. பால் வான் டைக்கும் அந்த அலையோடு உலகம் சுற்ற ஆரம்பித்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 'கேட்கிராஷர்' கிளப்பின் நிரந்தர டி.ஜே-க்களில் ஒருவரானார். 2000-ல் 'அவுட் தேர் அண்ட் பேக்', 2003-ல் 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' என ஆல்பங்கள் வந்தன. எலெக்ட்ரானிக் நடன இசை ஆல்பத்துக்கு கிராமி விருதில் முதன்முதலாகத் தனிப்பிரிவு தொடங்கியபோது, பரிந்துரைப் பட்டியலில் 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' இருந்தது. 2005, 2006 என அடுத்தடுத்த ஆண்டுகளில் 'டி.ஜே. மேக்' இதழின் வாசகர்கள் அவரை நம்பர் 1 ஆக்கினார்கள்.

புகழ் எல்லோருக்கும் இனிக்கவில்லை. டெக்னோவைக் கறாராகப் பார்த்தவர்களுக்கு டிரான்ஸ் கொஞ்சம் தித்திப்பு அதிகம். நிலவறையின் கலகம், ஸ்டேடியத்தின் லேசர் விளக்காக மாறிவிட்டதே என்ற வருத்தம் அவர்களுக்கு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. லவ் பரேடின் கதையே அதற்குச் சாட்சி. பூங்காவில் குவிந்த குப்பையும் ஸ்பான்சர்களின் விளம்பரங்களும் பேச்சுப்பொருளாயின. 2001-ல் அது அரசியல் ஊர்வலம் என்ற அந்தஸ்தை இழந்தது. 2006-ல் பெர்லினில் கடைசியாக நடந்து, பிறகு மேற்கு ஜெர்மனியின் வேறு நகரங்களுக்குப் போனது. 2010 ஜூலை 24 அன்று டூயிஸ்பர்க் நகரில், குறுகிய சுரங்கப் பாதையிலும் சரிவுப் பாதையிலும் கூட்டம் நெரிந்து 21 பேர் உயிரிழந்தார்கள். லவ் பரேட் அத்தோடு நிறுத்தப்பட்டது. அதைத் தொடங்கிய டாக்டர் மோட்டே, 2022 முதல் வேறு பெயரில் மீண்டும் பெர்லினில் ஊர்வலம் நடத்துகிறார்.

பால் வான் டைக் வளர்ந்த விதம் அவருடைய இசைக்கு வெளியிலும் தெரிந்தது. பெர்லினின் ஏழைக் குழந்தைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை முன்னெடுத்தார். மும்பையில் குடிசைப் பகுதிக் குழந்தைகளின் கல்விக்காக இயங்கும் ஆகாங்க்ஷா அமைப்புக்கும் ஆதரவு தந்தார். கூடவே, பல ஆண்டுகளாக வாராவாரம் ரேடியோ நிகழ்ச்சியும் நடத்துகிறார். எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தப் பிள்ளை காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

மழையில் ஓர் இரவு

பெர்லினுக்குப் போகிற எவரும் பார்க்காமல் திரும்பாத இடம் பிராண்டன்பர்க் வாயில். சுவர் இருந்த காலத்தில் இது யாரும் நெருங்க முடியாத எல்லை. 2009 நவம்பர் 9 அன்று, சுவர் விழுந்த 20-ம் ஆண்டு விழா இங்கே நடந்தது. கொட்டும் மழை. ஓவியம் தீட்டிய 1,000 ராட்சத டோமினோ பலகைகள் சுவர் நின்ற வழியிலேயே வரிசையாக நிறுத்தப்பட்டன. போலந்தின் தொழிற்சங்கத் தலைவராக இருந்து அதிபரான லேக் வலேசா முதல் பலகையைத் தள்ளிவிட, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எல்லாம் சாய்ந்தன.

அந்த விழாவுக்காகவே 'வீ ஆர் ஒன்' என்ற பாட்டை உருவாக்கி, பாடகர் ஜானி மெக்டெய்டுடன் மேடையேறினார் பால் வான் டைக். உலகத் தலைவர்கள் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இளமையில் இதே வாயிலின் கிழக்குப் பக்கத்தில், தூரத்தில் நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர்.

தவறி விழுந்த கால்

2016 பிப்ரவரி. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் பெரிய இசைத் திருவிழா. மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பால் வான் டைக், மேடையின் ஒரு பகுதியில் கால் வைத்தபோது பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்தார். மூளையிலும் முதுகெலும்பிலும் பலத்த காயம். உயிர் பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. நடக்கவும் பேசவும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டிய நிலை. ஆடும் கூட்டத்தின் நாடியைப் பிடித்துத் தாளத்தை நகர்த்துவதே தொழிலாகக் கொண்டவருக்கு, சொந்த உடம்பே சொன்ன பேச்சைக் கேட்காத நாள்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் வேகஸில் மீண்டும் மேடைக்கு வந்தார். 2017-ல் வந்த ஆல்பத்தின் பெயர் 'ஃப்ரம் தென் ஆன்', அதாவது 'அன்றிலிருந்து'. 2018-ல் வந்ததன் பெயர் 'மியூசிக் ரெஸ்க்யூஸ் மீ', 'இசை என்னை மீட்கிறது'. இரண்டு தலைப்புகளுக்கும் விளக்கவுரை தேவையில்லை.

அறைகள் எங்கே?

இப்போது மறுபடியும் லைப்சிகர் பிளாட்ஸ். பழைய டிரெஸோர் 2005 ஏப்ரலில் மூடப்பட்டது. பத்திர வழக்குகள் தீர்ந்து, நிலத்துக்குச் சொந்தக்காரர் கிடைத்து, விலையும் ஏறிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத அறைகளின் காலம் முடிந்தது. அந்தக் காலம் இல்லாமல் இருந்திருந்தால், கையில் காசில்லாத ஒரு 19 வயதுப் பையனுக்கு நகரத்தின் நடுமையத்தில் மேடை கிடைத்திருக்காது. சுவரைத் தாண்ட ஒலிக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. ஆனால், தாண்டி வந்த ஒலி வளர ஓர் அறை தேவைப்பட்டது. வாடகை கட்டக்கூடிய அறை.

அதுதான் இன்று பெர்லினின் கவலை. கிளப்கள் ஒவ்வொன்றாக மூடுவதைக் குறிக்க ஜெர்மன் மொழியில் தனிச் சொல்லே வந்துவிட்டது: 'கிளப்-சாவு'. ஸ்ப்ரே நதிக்கரையில் 2002 முதல் இயங்கிய 'வாட்டர்கேட்' கிளப், 2024 கடைசி நாளோடு கதவைச் சாத்தியது. வாடகை, செலவு, மாறிவரும் இளைஞர்களின் ரசனை எனக் காரணங்கள் பல. இன்னொரு பக்கம் அரசாங்கமும் விழித்துக்கொண்டது. கிளப்களை வெறும் கேளிக்கை விடுதிகளாகப் பார்க்காமல் கலாசார இடங்களாகக் கருத வேண்டும் என்று 2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 மார்ச்சில் ஜெர்மனியின் யுனெஸ்கோ ஆணையம், பெர்லினின் டெக்னோ கலாசாரத்தை நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவர்களின் இசைக்கு, இப்போது அரசு முத்திரை!

டிரெஸோர் சாகவில்லை, வீடு மாறியது. மெட்ரோவில் ஹைன்ரிஷ் ஹைன தெரு நிலையத்தில் இறங்க வேண்டும். சுவர் காலத்தில் இது ஓர் எல்லைச் சாவடி. அங்கிருந்து சற்று நடந்தால், 1960-களில் கிழக்கு பெர்லினுக்காகக் கட்டப்பட்ட பிரமாண்டமான அனல் மின் நிலையம் வரும். 2007 மே மாதம் முதல் இதன் அடித்தளத்தில்தான் டிரெஸோர் இயங்குகிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: 1949-லேயே மேற்கு பெர்லின், மதுக்கூடங்களை இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற இரவுக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. அதனால் இங்கே இரவு 12 மணிக்குப் போவதே சீக்கிரம்தான். பெர்லின் கிளப்கள் பலவற்றில் வாசலிலேயே மொபைல் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். படமெடுக்க அனுமதி இல்லை. உள்ளே யார் ஆடினார்கள், யார் யாரோடு பேசினார்கள் என்பதற்குப் பதிவே இருக்காது. 111 கிலோமீட்டர் கோப்பு வைத்திருந்த ஊரில், இந்தச் சின்ன ஸ்டிக்கருக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம்.

படியிறங்கி உள்ளே போனால், பழைய நிலவறையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டிகளைப் பார்க்கலாம். பூட்டு உடைந்து, கதவு திறந்து, காலியாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், சுவர் விழுந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.